பழைய காருக்கு எந்த எஞ்சின்? நாமே கேட்போம், நாமே தீர்மானிப்போம்

வாகனம் பழுதாகிவிட்டால் வீட்டிலுள்ள ஆண்களிடமோ அயலிலுள்ள அண்ணன்மாரிடமோ சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது எம்மில் பலரது வழக்கமாக இருக்கிறது. பணம் எம்முடையது. வாகனம் எம்முடையது. அதை ஓட்டி உழைப்பதும் நாமே. ஆனால் எந்தப் பாகத்தை மாற்றுவது, அதற்கு எவ்வளவு செலவழிப்பது என்ற தீர்மானம் மட்டும் வேறு யாரோ ஒருவருடையதாகிவிடுகிறது. சமூகப் பணியாளராகப் பல வருடங்கள் வேலை செய்த நானும் 2025 ஆம் ஆண்டு வரை இதைப் பெரிதாக யோசித்ததில்லை. வன்னியில் ஓர் அக்காவின் பழைய காருக்கு எஞ்சின் தேடி அலைந்த ஆறு வாரங்கள்தான் என்னை யோசிக்க வைத்தன. அந்த அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த அக்கா விசுவமடுப் பக்கத்தில் வசிப்பவர். 2009 இல் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய். முகாமிலிருந்து மீள்குடியேறிய நாட்களில் அவரிடம் இருந்தவை ஒரு தறப்பாளும் இரண்டு மூன்று பாத்திரங்களும்தான். இடியப்பம் அவித்துச் சைக்கிளில் கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். பின்னர் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டினார். பரந்தன், கிளிநொச்சி வரை ஓடர்கள் கிடைத்தன. 2017 இல் வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய காசையும் சீட்டுக் காசையும் சேர்த்து ஒரு பழைய டொயோட்டா ஸ்டார்லெட் காரை வாங்கினார். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் அவரே எடுத்தார்.

1980களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட சிறிய கார் அது. பின்பக்கக் கதவு மேலே தூக்கித் திறக்கும். பின் ஆசனத்தை மடித்துவிட்டால் பெரிய சோற்றுப் பெட்டிகளும் கறிச் சட்டிகளும் அதற்குள் அடங்கும். "மிஸ், இது கார் இல்லை, என்ர மூண்டாவது பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

அந்தப் பிள்ளை ஒருநாள் மதியம் ஏ35 வீதியில் நின்றுவிட்டது. ரேடியேற்றரில் சிறிய ஒழுக்கு இருந்திருக்கிறது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுவதை அக்கா கண்டார். ஆனால் பரந்தனில் அறுபது சாப்பாட்டுப் பார்சலுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓடினார். எஞ்சின் இறுகி நின்றபோதுதான் நிறுத்தினார். "அதிலை நிப்பாட்டித் தண்ணி விட்டிருந்தா ஆயிரம் ரெண்டாயிரத்தோடை போயிருக்கும். அண்டைக்குச் சாப்பாடு பிந்தினாலும் பறவாயில்லை எண்டு நினைக்க மனம் வரேல்லை" என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

கராச்சில் நடந்தது

காரை இழுத்துக்கொண்டு போய் ஒரு கராச்சில் விட்டார்கள். மறுநாள் நானும் கூடப் போனேன். அக்காவின் மச்சானும் வந்திருந்தார். மெக்கானிக் நல்ல மனிதர். ஆனால் அவர் முழு விளக்கத்தையும் மச்சானைப் பார்த்தே சொன்னார். "எஞ்சின் முடிஞ்சுது அண்ணை. வேறை எஞ்சின்தான் போடோணும்." மச்சானும் உடனே, "போடுறதெண்டால் கொஞ்சம் பெரிசாப் போடுவம். ஏசியும் பூட்டலாம்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர் டீசல் எஞ்சின்தான் இலாபம் என்றார். கார் உரிமையாளரான அக்கா ஒரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சமூகவியல் பட்டம் பெற்ற நானும் அவருக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அன்று இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், என்னட்டை இருக்கிறது சீட்டுக் காசு ஒரு லட்சத்து நாப்பதாயிரம். சங்கத்திலை கேட்டா அறுபது தருவினம். ரெண்டு லட்சம். அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை. அவையள் கதைக்கிற கதைக்கு நாலு லட்சம் வேணும்."

அந்த வாரமே நுண்கடன் கொடுக்கும் ஒருவர் அக்காவின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மூன்று இலட்சம் தருவதாகவும் கிழமைக்குக் கிழமை கட்டலாம் என்றும் சொன்னார். நுண்கடன் எமது கிராமங்களில் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்திருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. உழைப்பைத் தரும் கார் நின்றுபோயிருக்கும் நேரத்தில் கிழமைத் தவணைக்கு ஒப்புக்கொள்வது மிகவும் ஆபத்தானது. அக்கா வேண்டாம் என்றார். இரண்டு இலட்சத்துக்குள் என்ன செய்யலாம் என்று நாங்களே கேட்டுப் பார்ப்போம் எனத் தீர்மானித்தோம். ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கினோம். கேட்டதையெல்லாம் அதில் எழுதினோம்.

ஏன் புதிய கார் வாங்கவில்லை?

இந்தக் கேள்வியை எம்மிடம் பலர் கேட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் அனுமதி வந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார்களின் விலையும் பல மடங்கு ஏறிவிட்டது. இறக்குமதி திறந்த பின்னரும் வரி அதிகமாக இருந்ததால் சிறிய கார் கூட எம்மைப் போன்றோருக்கு எட்டாத விலையிலேயே நின்றது. ஆகவே இருக்கின்ற காரைக் காப்பாற்றுவதே வழி.

இது எமக்குப் புதியதும் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வடக்கில் கார்கள் எப்படி ஓடின என்பதை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். சிறிதளவு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. கரி பிடிக்கும். எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். எஞ்சின் கெதியில் தேய்ந்துவிடும். தேய்ந்ததைத் திறந்து, திருத்தி, மீண்டும் பூட்டி ஓடினார்கள். ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் அப்படித்தான் தப்பிப் பிழைத்தன. எங்கள் ஊர் மெக்கானிக்மாரின் கைத்திறன் அந்தக் காலத்தில் வளர்ந்தது. அந்தத் திறனை நம்பலாம். ஆனால் எந்த வேலையைச் செய்விப்பது என்ற முடிவு எம்முடையதாக இருக்கவேண்டும்.

எம் முன் இருந்த நான்கு வழிகள்

*முதலாவது, இருக்கும் எஞ்சினையே திருத்துவது.* அக்காவின் காரில் இருந்தது 2ஈ என்ற 1,295 சீசீ பெற்றோல் எஞ்சின். காபரேற்றர் பொருத்தியது. எஞ்சின் முடிந்தது என்று யார் சொன்னாலும், முதலில் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில வேளைகளில் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளொக்குக்கும் இடையிலுள்ள காஸ்கட் மட்டும் எரிந்திருக்கும். ஹெட் சற்று வளைந்திருந்தால் லேத் வேலை செய்யும் இடத்தில் சீவி நேராக்கலாம். அப்படியானால் இதுவே ஆகக் குறைந்த செலவு. இன்னொரு நன்மையும் உண்டு. எஞ்சின் இலக்கம் பிளொக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய பிளொக் இருக்கும்வரை பதிவுப் புத்தகத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அக்காவின் எஞ்சினைத் திறந்தபோது ஹெட் வளைந்திருந்தது. அது மட்டுமல்ல, இரண்டு சிலிண்டர்களில் ஆழமான கீறல்கள் இருந்தன. முன்பு யாரோ ஏற்கனவே ஒருமுறை போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். இனிப் போர் அடிக்க இடம் இல்லை என்று லேத் கடை ஐயா விரலால் தடவிக் காட்டினார். அக்காவும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அந்த வழி அத்துடன் மூடிக்கொண்டது.

*இரண்டாவது, அதே வகை எஞ்சின் இன்னொன்றைப் பூட்டுவது.* பழைய காரிலிருந்து கழற்றிய 2ஈ எஞ்சின். அதே இடத்தில் அப்படியே அமரும். அதே கியர் பொக்ஸ், அதே வயர்கள், அதே பெற்றோல் குழாய்கள். வேலை நாட்கள் குறைவு. குறை என்னவென்றால் அதுவும் வயது போன எஞ்சின்தான். அது எவ்வளவு ஓடியது என்று எவருக்கும் தெரியாது.

*மூன்றாவது, அதே குடும்பத்தின் புதிய எஞ்சின்.* பிற்கால ஸ்டார்லெட்டுகளில் வந்த 4ஈ-எஃப்ஈ என்ற 1,331 சீசீ எஞ்சின் இது. இன்னும் பெரிதாக வேண்டுமானால் 5ஈ-எஃப்ஈ என்ற 1,497 சீசீ எஞ்சினும் உண்டு. மச்சான் சொன்னது இதைத்தான். ஒரே குடும்பத்து எஞ்சின்கள் என்பதால் காருக்குள் அமரவைப்பது பெரிய கஷ்டமில்லை. இழுவை கூட. பெற்றோலும் மிச்சம் பிடிக்கும். ஆனால் இவற்றில் காபரேற்றர் இல்லை. பெற்றோலைப் பீச்சி விடும் ஈஎஃப்ஐ முறை. அதற்குக் கட்டுப்பாட்டுக் கணினிப் பெட்டி வேண்டும். முழு வயரிங் வேண்டும். உணரிகள் வேண்டும். காபரேற்றர் எஞ்சினில் உள்ள சிறிய பம்பின் அழுத்தம் இதற்குப் போதாது. பல மடங்கு அழுத்தம் தரும் மின்சாரப் பம்ப் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தாங்கும் குழாய்களும் வேண்டும். பழைய குழாயில் அந்த அழுத்தத்தைக் கொடுத்தால் பெற்றோல் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எஞ்சினின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் இவை ஒன்றும் கண்ணில் படாது.

*நான்காவது, டீசல்.* ஸ்டார்லெட்டில் டொயோட்டா பூட்டிய 1என் என்ற 1,453 சீசீ டீசல் எஞ்சின் உண்டு. ஒரு காலத்தில் பெற்றோல் காரை டீசலுக்கு மாற்றுவது புத்திசாலித்தனமாக இருந்தது. 2021 டிசம்பரில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபாய். டீசல் 121 ரூபாய். லீற்றருக்கு 56 ரூபாய் வித்தியாசம். 2022 ஜூன் மாத இறுதியில் பெற்றோல் 470 ரூபாய், டீசல் 460 ரூபாய். வித்தியாசம் பத்து ரூபாய்க்கு வந்துவிட்டது. அதன் பின் விலைகள் குறைந்தபோதும் 2025 இல் பழைய இடைவெளி திரும்பி வரவில்லை. டீசல் எஞ்சின் லீற்றருக்குக் கூடத் தூரம் ஓடும் என்பது உண்மை. ஆனால் அது பாரமானது. தாங்கிகள், டீசல் பம்ப், குழாய்கள், சூடாக்கும் பிளக்குகள் எல்லாம் வேறு. பெற்றோல் எஞ்சின் உறிஞ்சும் இழுவையில்தான் பிரேக்கை இலேசாக்கும் பூஸ்டர் வேலை செய்கிறது. டீசலில் அந்த இழுவை இல்லாததால் அதற்கெனத் தனிப் பம்ப் வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் விட்டால் பிரேக் இறுகிவிடும். உயிர் போகும் விடயம் அது.

கொப்பியில் போட்ட கணக்கு

மச்சானின் யோசனையை நாங்கள் அவமதிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். அக்கா நாளொன்றுக்கு ஏறக்குறைய 48 கிலோமீற்றர் ஓடுவார். மாதம் 25 நாட்கள். அதாவது 1,200 கிலோமீற்றர். பழைய காபரேற்றர் எஞ்சின் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடினால் 100 லீற்றர் தேவை. ஈஎஃப்ஐ எஞ்சின் 15 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் 80 லீற்றர். மாதம் 20 லீற்றர் மிச்சம். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய்.

இப்போது மறுபக்கம். ஈஎஃப்ஐ மாற்றத்துக்கு மேலதிகமாக 1,20,000 ரூபாய் செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசை மிச்சம் பிடிக்க 20 மாதங்கள் வேண்டும். அந்த 1,20,000 ரூபாயும் கடனாக எடுத்ததென்றால் வட்டியுடன் இன்னும் நீளும். காரின் தரைத் தகடு ஏற்கனவே கறள் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கூடுதலான நாட்கள் ஓடுகிற கார் என்றால் இந்தக் கணக்கு மாறும். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு அதே செலவு எட்டு மாதத்தில் திரும்பி வரும். ஆகவே ஒருவருக்குச் சரியான எஞ்சின் இன்னொருவருக்குச் சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. உங்கள் தூரத்தை வைத்து உங்கள் கணக்கைப் போடுங்கள்.

எமது கணக்கில் முதலில் விடுபட்டுப்போன ஒரு செலவும் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவர் அக்காதான். "மிஸ், கார் கராச்சிலை நிக்கிற ஒவ்வொரு நாளும் ஓட்டோக் காசு குடுக்கிறன். தூர ஓடரை விட்டுட்டன். அதையும் எழுதுங்கோ." வயரிங் வேலையுடன் ஈஎஃப்ஐ எஞ்சின் பூட்ட எத்தனை நாள் என்று கேட்டபோது மெக்கானிக் ஒரு மாதத்துக்கு மேல் சொன்னார். அதே வகை எஞ்சின் என்றால் நான்கைந்து நாட்கள். இந்த ஒரு வரிதான் எமது முடிவைத் தீர்மானித்தது. இரண்டாவது வழியைத் தெரிவுசெய்தோம்.

நான் விட்ட பிழை

இங்கே எனது பிழையையும் சொல்லவேண்டும். அதே வகை எஞ்சின் என்று முடிவெடுத்தவுடன் நான் விலைகளை வரிசையாக எழுதி, ஆகக் குறைந்ததைச் சுட்டிக்காட்டினேன். ஒரு பழைய பாகக் கடையில் 2ஈ எஞ்சின் ஒன்று மற்ற இடங்களைவிட மிகவும் மலிவாகக் கிடைத்தது. வேறொருவர் வாங்கிவிடுவார் என்று கடைக்காரர் அவசரப்படுத்தினார். அக்காவை 10,000 ரூபாய் முற்பணம் கட்டச் சொன்னதும் நான்தான்.

அடுத்த நாள் மெக்கானிக் வந்து பார்த்தார். துணியால் பிளொக்கைத் துடைத்தார். எஞ்சின் இலக்கம் இருக்கவேண்டிய இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. காபரேற்றரும் டிஸ்ரிபியூட்டரும் இல்லை. அவற்றைத் தனியாக வாங்கவேண்டும். "இலக்கம் இல்லாத எஞ்சினை நான் பூட்டமாட்டன் அக்கா. நாளைக்குப் பொலிஸ் கேட்டா நீங்கள்தான் பதில் சொல்லோணும்" என்றார். அன்றுதான் அவர் முதன்முறையாக அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். முற்பணத்தில் பாதியே திரும்பக் கிடைத்தது. 5,000 ரூபாய் என்பது அக்காவுக்கு எத்தனை இடியப்பம் என்று எனக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. "விடுங்கோ மிஸ், படிப்புக் காசு எண்டு நினைப்பம்" என்று அவரே என்னைத் தேற்றினார்.

எஞ்சின் வாங்கும்போது பார்க்கவேண்டியவை

பின்னர் நாங்கள் அவசரப்படவில்லை. அக்காவின் ஒன்றுவிட்ட சகோதரி கொழும்பில் இருக்கிறார். பஞ்சிகாவத்தையில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் அங்கே போய் விலை கேட்டுச் சொன்னார். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நாங்கள் கேட்டோம். கடைசியில் விபத்தில் உடல் நசுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றப்படாத எஞ்சின் ஒன்று வவுனியாவில் கிடைத்தது. கழற்றாமல் இருந்ததால் ஸ்டார்ட் செய்து பார்க்க முடிந்தது. மெக்கானிக்கை அக்கா தன் செலவில் கூட்டிப்போனார். அந்தச் செலவு வீணல்ல.

அவர் பார்த்தவற்றை நான் கொப்பியில் எழுதினேன். நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் தேநீர் போன்ற நிறத்தில் படிந்திருந்தால் ஒயிலில் தண்ணீர் கலக்கிறது என்று பொருள். அதை வாங்க வேண்டாம்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெற்றோல் அளவுக்கு மீறிப் போகிறது. வெள்ளைப் புகை ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து நின்றால் பயமில்லை. சூடான பின்னும் அடர்த்தியாக வந்துகொண்டிருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

கொம்பிரஷன் பார்க்கும் மீற்றரை நான்கு சிலிண்டர்களிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு வரவேண்டும். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் குறை இருக்கிறது.

எஞ்சின் இலக்கத்தை நீங்களே வாசித்து எழுதுங்கள். விற்பவர் தரும் பற்றுச்சீட்டில் அதே இலக்கம், அவரது பெயர், முகவரி, திகதி இருக்கவேண்டும். காபரேற்றர், டிஸ்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஓல்ரனேற்றர் எல்லாம் சேர்ந்த விலையா என்று கேளுங்கள். பூட்டி ஓடிப் பார்த்து குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பி எடுப்பார் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

எஞ்சினுக்குப் பின்னால் வரும் செலவுகள்

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை இங்கு எழுதவில்லை. எதற்கெல்லாம் காசு ஒதுக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். எஞ்சின் வெளியே இருக்கும்போதே ரைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஒயில் சீல்கள் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். கிளட்ச் தட்டையும் அப்போதே பாருங்கள். பின்னர் அதற்காக மீண்டும் கழற்றினால் இரட்டைக் கூலி. எஞ்சினைத் தாங்கும் இறப்பர் மவுண்டுகள், ரேடியேற்றர்க் குழாய்கள், தெர்மோஸ்டாட், புதிய ஒயில், ஒயில் பில்டர், ஏற்றி இறக்கும் கூலி என்று இந்தப் பட்டியல் நீளும். அக்காவின் செலவில் எஞ்சினுக்குப் போனது பாதியைவிடச் சற்றே அதிகம். மீதி இவற்றுக்குத்தான்.

முக்கியமாக, பழைய எஞ்சின் எதனால் பழுதானதோ அதை முதலில் சரிசெய்யுங்கள். அக்காவின் காரில் அது ரேடியேற்றர். அதைத் திருத்தாமல் எஞ்சினை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் அதே கதைதான். கழற்றிய பழைய எஞ்சினைக் கராச்சில் விட்டுவிட்டு வராதீர்கள். அதன் காபரேற்றரும் ஸ்டார்ட்டரும் ஒருநாள் உதவும். மீதியைப் பழைய இரும்புக்குக் கொடுத்தாலும் அந்தக் காசு உங்களுடையது.

காகிதங்களை மறக்க வேண்டாம்

காகிதம் இல்லாமல் அலைவது என்ன என்பதை எம்மைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கணவரின் மரணச் சான்றிதழ் என்று எத்தனை வாசல்கள் ஏறி இறங்கியிருக்கிறோம். வாகனத்துக்கும் அப்படித்தான். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம், சசி இலக்கம், எஞ்சினின் கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியன உள்ளன. வேறு எஞ்சின் பூட்டினால் இலக்கம் மாறும். பெரிய எஞ்சின் என்றால் கொள்ளளவும், டீசல் என்றால் எரிபொருள் வகையும் மாறும். இவற்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் புத்தகத்தில் திருத்தவேண்டும். எஞ்சினைப் பூட்டும் முன்பே என்னென்ன ஆவணங்கள் வேண்டுமென்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். விபத்து நடந்த பின் இலக்கம் பொருந்தவில்லை என்று சொன்னால் நட்டஈடு கிடைப்பது கடினம். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகை கக்கும் எஞ்சினை மலிவாக வாங்கினால் அங்கேயும் நிற்க வேண்டிவரும்.

இன்னொன்று. பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். முன்னைய உரிமையாளரின் பெயரிலேயே வருடக்கணக்காக ஓடும் வாகனங்கள் எமது பிரதேசத்தில் நிறைய உண்டு. சகோதரனின் பெயரிலும் மைத்துனரின் பெயரிலும் இருப்பவை இன்னும் நிறைய. உங்கள் காசில் எஞ்சின் பூட்டுகிறீர்கள் என்றால் வாகனம் உங்கள் பெயரில் இருக்கவேண்டும்.

கார் திரும்பி வந்த நாள்

எஞ்சின் பூட்டி முடிந்த அன்று நானும் கராச்சுக்குப் போயிருந்தேன். இம்முறை மெக்கானிக் அக்காவை அழைத்து, "அக்கா, நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார். முதல் தடவையில் இயங்கவில்லை. இரண்டாவது தடவையில் இயங்கியது. மச்சான் சிரித்தபடி, "ஏசி இல்லாட்டியும் பறவாயில்லை, சத்தம் நல்லாயிருக்கு" என்றார்.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். செலவு இரண்டு இலட்சத்தைவிட 11,000 ரூபாய் கூடிவிட்டது. மெக்கானிக் அதை இரண்டு மாதத்தில் தரச் சொன்னார். கைவிட்ட ஓடர்களில் ஒன்று திரும்பவும் கிடைக்கவில்லை. புத்தகத்தைத் திருத்த இரண்டு தடவை அலையவேண்டியிருந்தது. எஞ்சினும் பழையதுதான். எத்தனை வருடம் ஓடும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரர் இல்லை. சங்கக் கடனை மாதாமாதம் கட்டுகிறார்.

இப்போது அக்கா காலையில் சாப்பாட்டுப் பெட்டிகளை ஏற்றுமுன் பொனட்டைத் திறக்கிறார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றரில் தண்ணீர் பார்க்கிறார். ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்க்கிறார். இரண்டு நிமிட வேலை. காரில் எப்போதும் ஐந்து லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருக்கிறது. முள் ஏறினால் எந்த ஓடர் காத்திருந்தாலும் நிறுத்துவேன் என்கிறார்.

அந்த அப்பியாசக் கொப்பி இப்போது அவர்களது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறது. சென்ற மாதம் தையல் வேலை செய்யும் ஒரு தங்கச்சி தனது பழைய ஓட்டோவுக்கு எஞ்சின் மாற்றவேண்டும் என்று வந்தார். அவருடன் கராச்சுக்குப் போனவர் நானல்ல, அக்காதான். மெக்கானிக் வாய் திறக்கும் முன்பே, "தம்பி, முதல்லை திறந்து காட்டுங்கோ. பிறகு விலை கதைப்பம்" என்றாராம்.

சகோதரிகளே, உங்களிடமும் ஒரு பழைய வாகனம் இருக்கலாம். அது நிற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலையே பதிவுப் புத்தகத்தை எடுத்து எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்தில் உள்ள இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கொப்பி வாங்கி அதில் முதல் வரியாக அதை எழுதுங்கள்.